கந்தகத்துக்கு வாய்தா

கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி தாண்டினால் லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். 'நாளைக்குக் கட்டிடறேன் சார்' என்பதெல்லாம் எடுபடாது. அந்தக் கரண்டைத் தயாரிக்கிற நிலக்கரி ஆலைகளுக்கு மட்டும் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது.

2015 டிசம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது: புகையில் வரும் கந்தக டை ஆக்சைடைக் குறையுங்கள், இரண்டு வருஷம் தருகிறோம். வானத்துக்கு ஏணி வைக்கச் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் குளிப்பாட்டும் கருவி ஒன்றை வைத்தால் கந்தகம் ஜிப்சமாக இறங்கிவிடும். 2017 வந்தது, 2022 என்றார்கள். அப்புறம் 2024, 2026. அதுவும் போதாமல் 2029. வாய்தா கொடுத்துச் சலித்ததோ என்னவோ, 2025 ஜூலையில் வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். நாட்டின் முக்கால்வாசி ஆலைகளுக்கு அந்தக் கருவியே வேண்டாமாம். புகைபோக்கி விதிப்படி உயரமாக இருந்தால் போதும். கீழே இறங்க மாட்டேன் என்று கந்தகத்திடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதுவோ நுண்துகளாக மாறி, டிக்கெட் எடுக்காமல் மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறது.

கருவி யாருக்குக் கட்டாயம்? தலைநகர் வட்டாரத்துக்கோ, 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளுக்கு. ஆகவே சுத்தமாக மூச்சுவிட ஆசைப்படுகிறவர்கள் 10 லட்சம் பேரைத் திரட்டிக்கொண்டு குடியேறவும். ஐந்நூறு தலைக்கட்டு உள்ள ஊருக்கு நுரையீரல் எதற்கு?

கருவி வைத்தால் கரண்ட் விலை ஏறும், ஏழை தாங்க மாட்டான் என்கிறார்கள். அடேயப்பா, என்ன பாசம்! எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் விரலில் ஆலைச் சாம்பல் அப்பியபோது இந்தப் பாசம் எந்த ஊரில் லீவில் இருந்தது?

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரயில் டிக்கெட் மலிவு என்று குஷியாக ஏறி உட்காருகிறோம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது சரக்குக் கட்டணம். அதில் ஏறக்குறைய பாதி, நிலக்கரி ஏற்றிய கூலி. திருச்செந்தூர் முருகனைப் பார்க்கப் போகிறவனும் கரியின் தயவில்தான் போகிறான். கரியை விடு என்று எந்தக் கட்சிக்காரன் வாய்திறப்பான்?

ஆனாலும் 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070க்குள் கரியமில வாயுக் கணக்கை நிகரப் பூஜ்ஜியமாக்குவோம் என்று பிரதமர் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தார். புகையைக் கழுவப் பத்து வருஷம் போதாதவர்கள் அடுப்பையே மாற்றப்போகிறார்கள். 2069 டிசம்பரில் வெளியாக வேண்டிய கால நீட்டிப்பு அறிவிக்கையை ஏதோ ஒரு குமாஸ்தா இப்போதே டைப் அடித்து வைத்திருப்பார். தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி.