ஆசை ஆகாயத்தில், விலை தரையில்

கேள்வி: டிரோன் ஓட்டக் கற்க ஆசை. எடுத்த எடுப்பிலேயே பெரிய கேமரா டிரோன் வாங்கிவிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ஆசை ஆகாயத்தில் பறக்கட்டும், விலை தரையிலேயே நிற்கட்டும்! 250 கிராமுக்கு மிகாத நானோ ரகம் போதும். பைலட் சான்றிதழும் தேவையில்லை. ஆளில்லாப் பொட்டல், காற்றடங்கிய அதிகாலை, ஆளுயரப் பறத்தல் – இதுதான் முதல் பாடம். டிரோனின் முகம் உங்கள் பக்கம் திரும்பியதும் இடம் வலமாகிவிடும். புதியவர்கள் வேப்பமரத்தில் மோதுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். இந்த இடவல மாற்றம் கைக்குப் பழகும்வரை கேமராவை மறந்துவிடுங்கள். டிரோன் விதிகள் வான்வெளியை வண்ண மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடிதான் உச்சவரம்பு. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கவிடவே கூடாது. உங்கள் இடம் எந்த மண்டலம் என்று அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திருவிழாக் கூட்டத்தின் தலைக்குமேல் மட்டும் வேண்டவே வேண்டாம், தம்பி!