வாசனைக்கு ஒப்பந்தம் வேண்டாம்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை வந்துவிட்டதை நடத்துநர் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். அந்த வாசனைக்கு எல்லை கிடையாது. எந்த ஊராட்சியிடமும் கையெழுத்து வாங்காமல் குடிகாட்டுக்குள் நுழையும், ஈச்சங்காட்டுக்கும் போய்வரும்.

மின்சாரம் அப்படியல்ல, ரொம்ப மரியாதை தெரிந்தது. தமிழ்நாட்டையும் இலங்கையையும் கம்பியால் இணைக்கும் பேச்சு 1970களில் தொடங்கியது. 2010இல் சாத்தியக்கூறு ஆய்வுக்கென்று புரிந்துணர்வு ஒப்பந்தமும் போட்டாயிற்று. புரிந்துணர்வு வந்துவிட்டது, கம்பிதான் வரவில்லை. நடுவில் கிடப்பது மீன்கள் தினமும் தாண்டுகிற பாக் நீரிணை. (மீனவர் தாண்டினால் கைது, அது வேறு கதை.)

2021இன் கூத்து இன்னும் சுவையானது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் சூரிய, காற்றாலை மின்திட்டம் அமைக்கும் வேலை ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. டெல்லிக்கு வேர்த்தது. நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே கிரிட்' என்று முழங்கினார்கள். டிசம்பரில், மூன்றாம் தரப்பின் 'பாதுகாப்புக் கவலை' என்று சொல்லிச் சீனா ஒதுங்கிக்கொண்டது. அதே திட்டத்துக்கு இந்தியா மானியம் தர, 2024 மார்ச்சில்தான் ஒரு பெங்களூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. ஒரே சூரியன்தான், தகடு யாருடையது என்பதில்தான் தகராறு. அதுவரை தீவுக்காரர்கள் டீசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

குடிகாட்டுக் காற்றிடம் மட்டும் இதுவரை யாரும் சாத்தியக்கூறு அறிக்கை கேட்கவில்லை.