மடக்குக் கூரை மாரிஸ் மைனர்: ஆராய்ச்சிக்கு ஒரு பாயிரம்

புலவர் ஒருவரின் காலத்தை இருநூறு வருஷம் முன்னே தள்ளுவதற்கும், பிறகு அதே இருநூறு வருஷம் பின்னே இழுப்பதற்கும் நானூறு பக்கங்களை மனமுவந்து செலவிடும் நம் ஆராய்ச்சியுலகம், செவ்வையாகப் புதுப்பிக்கப்பட்ட பழைய திறந்த கார் ஒன்று வீதியில் வருங்கால், வேலை உள்ளவனும் இல்லாதவனும் ஒருங்கே நின்று அதனை நோக்குவதன் காரணம் யாது என்னும் வினாவை இதுகாறும் தீண்டாமல் விட்டது வியப்புக்குரியதே. அக்குறையை நிறைக்கப் புகுந்த இச்சிற்றாராய்ச்சி, உலகத்துத் திறந்த கார்கள் அனைத்தையும் விடுத்து, ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் பிறந்த மாரிஸ் மைனரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எல்லையைச் சுருக்குதல் ஆராய்ச்சியாளருக்கு அழகு. அவர் அறிந்ததே அவ்வளவுதான் என்பது பிறர்க்குத் தெரியாமற்போவது அதன் உபபலன்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடலாம். இவ்வண்டி 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில், இரும்புக் கூரையோடு ஒன்றும் மடக்கும் கான்வாஸ் கூரையோடு ஒன்றுமாக வெளிவந்தது. வகுத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். கம்பெனியின் தலைவரான நஃபீல்டு பிரபு இதனை, ஓடு நீக்கி நீரில் வேகவைத்த முட்டை என்று இகழ்ந்தார் என்பர். அம்முட்டை பத்து லக்ஷத்துக்கு மேல் விற்றது. திறந்த வடிவம் 1969 வரை செய்யப்பட்டது. முதல் எஞ்சின் 918 கன செ.மீ.; அதன் வேகம் குறித்து மௌனம் சாதிப்பதே மரபு. நிறம்: எதுவாயினும் நன்று.

இனி, நான்கு அங்குலப் பிரச்சினை. மாதிரி வண்டி முடிந்து நின்ற பிறகு, அது ஒடுங்கியிருப்பதாக இஸ்ஸிகோனிஸுக்குத் தோன்ற, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் தம் கண்ணுக்கு நிறைவு தோன்றுமட்டும் விலக்கி வைத்து, இடைவெளியை அளந்தார். நான்கு அங்குலம் வந்தது. அதற்குள் பம்பர்கள் ஒடுங்கிய அளவிலேயே தயாராகிவிட்டமையால், தொடக்கத்து வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டித் தகடு வைத்து ஒட்டினர். பானெட்டின் நடுவே ஓடும் பட்டைத் தழும்பை இன்றைக்கும் காணலாம்.

மூலபாட வாதிகள் இப்பட்டையை இடைச்செருகல் என்று தள்ளுவர். ஆசிரியரே செருகியது இடைச்செருகலாகுமோ என்று மறுபக்ஷத்தார் ஆக்ஷேபிப்பர். ஔவையார் எத்தனை பேர் என்று எண்ணிப் பழகிய விரல்களையுடைய மூன்றாம் சாராரோ, ஒடுங்கிய வண்டியை வகுத்தவர் முதலாம் இஸ்ஸிகோனிஸ் என்றும், அறுத்தவர் இரண்டாம் இஸ்ஸிகோனிஸ் என்றும், இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தமை தற்செயல் என்றும் நிறுவி அமைதி கொள்வர். இம்மூவர்க்கும் மேலாக, பட்டறையொன்றில் ஸ்பானரால் மேஜையைத் தட்டி அருளப்பெற்று, எழுத்தில் ஏறாமல் மாணாக்கன் கைக்கறையில் மட்டுமே எஞ்சி நிற்கும் வாய்மொழியுரை ஒன்று உண்டு. அதன்மேல் பெட்ரோல் ரசீதின் புறத்தே எழுந்த குறிப்புரை ஒன்றும், அந்த ரசீதைத் துடைத்த பழந்துணியின் எண்ணெய்ப் படிவத்திலிருந்து உய்த்துணரப்பட்ட விளக்கவுரை ஒன்றும் உள. இவை மூன்றும் ஒருமுகமாகக் கூறும் முடிபு, ‘பானெட்டை மூடு’ என்பதே.

அடுத்தது போலிகளின் விசாரணை. சட்டம் வேறு, உடல் வேறு என்னும் துவைதத்தை இவ்வண்டி ஏற்பதில்லை; இரண்டும் ஒன்றேயாதலின், கூரையை அறுத்தால் உடலின் உறுதியும் உடன் போகும். தொழிற்சாலையார் இதனை அறிந்து, திறந்த வடிவத்துக்குக் கூடுதல் வலுத்தகடுகளை வைத்தனர். பின்னாளில் சாதாரண வண்டியின் கூரையை அறுத்துத் திறந்த வண்டியென விற்றோரில் சிலர் அவற்றை வையாமையால், அவ்வண்டிகள் நடுவே தொய்ந்து, கதவு மூட மறுத்து, தம் பொய்மையைத் தாமே சாட்சி சொல்லும். ஆயினும் பண்டிதர்கள் கதவை மூடிப் பார்ப்பதில்லை. வண்டியின் எண்ணுக்கு முன் நிற்கும் எழுத்துகளைப் படிக்கவே மண்டியிடுவர்.

இனி, உண்மை வண்டி என்று தெளிந்ததன் நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் புதுப்பிப்போர்க்கு வேண்டிய தகடுகள் இலங்கையிற் செய்யப்பட்டுக் கப்பலேறியதுண்டு. அவ்வாறு அடித்தகடு இலங்கையினதாய், எஞ்சின் பிற்காலத்து 1098 கன செ.மீ. வண்டியினதாய், கூரை சென்ற மாதம் தைத்ததாய், எண்தகடு ஒன்றே பழையதாய் நிற்கும் காரை, உடையவர் ‘அசல்’ என்று கண் கலங்கக் கூறுவார். சிதைந்த ஏட்டின் இரண்டு எழுத்துகளிலிருந்து எட்டடிச் செய்யுளை மீட்டுத்தரும் அறிஞர்கள் இதனைக் கண்டு நகைத்தல் தகாது.

எனில், அசலாயிருப்பதால் வருவதன்று இதன் கவர்ச்சி. எம்முடைய சித்தாந்தம் வருமாறு: கூரை மூடிய கார் தன் உடையவரைக் கொண்டுபோகிறது, கூரை மடங்கிய கார் அவரை எழுந்தருளப் பண்ணுகிறது. மேலும், வீதியோரத்தில் நிற்பவன் ‘இது எந்த வருஷத்து வண்டி?’ என்று உரக்கக் கேட்டு, விடையும் பெற்று, ‘என் மாமாவும் ஒன்று வைத்திருந்தார்’ என்று சொல்லி முடிக்குமளவும் அவ்விடத்தைக் கடந்துவிடாத நிதானம் இவ்வண்டிக்கு உண்டு. கண்ணாடி உயர்த்திய வண்டிக்குள் இச்சம்பாஷணை நுழையாது. போட்டிப் பரிசுக்கென்று துணிபோர்த்திக் கொட்டிலில் வைத்திருப்போர், உற்சவரைப் பெட்டியிலிட்டுப் பூட்டியவராவர்.

எஞ்சியது கைகாட்டி. 1961 வரை இவ்வண்டியின் பக்கவாட்டிலிருந்து, மின்சாரத்தால் எழுந்து விளக்கேந்தி நீட்டி, திரும்புந் திசையை அறிவித்த சிறு கரம் அது; எழுந்தபின் மடங்க மறுத்தல் அதன் சுபாவம். மூலபாட வாதி ஒருவரும் மறுபக்ஷத்தார் ஒருவரும், மாரிஸ் மைனருக்கும் ஆஸ்டின் ஏ40-க்கும் பேர்போன யாழ்ப்பாணத்தில், கண்டி வீதி வழியே ஒரே வண்டியிற் கூரை மடக்கிச் சென்றபொழுது, வலக் கைகாட்டி இவ்வாறு நீட்டியபடியே நின்றுவிட்டது. அது தொழிற்சாலை வைத்ததா, பிற்காலத்து மாற்றா என்று இருவரும் பிரமாணங் காட்டி வாதிட்டுக்கொண்டே அரை மைல் சென்றனர். முந்திச் செல்லவும் இயலாமல், நம்பிக் காத்திருக்கவும் இயலாமல் பின்னே ஊர்ந்த லொறிக்காரர், கடைசியில் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஐயாமார், வலப்பக்கம் திரும்பப் போறியளோ, இல்லாட்டி உதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டே கண்டி மட்டும் போகப் போறியளோ?”