ஆகாய கங்கைப் படிக்கட்டில் வழங்கும் பொய்கள்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கொல்லிமலையைப் பற்றி ஆராய இனி என்ன மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எண்பலகை நட்டாயிற்று. சித்தர் குகை, மூலிகை, மிளகு, அன்னாசி, சாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வேடாவது இருக்கும். ஆனால் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில், பொழுது விடிந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் புழங்கும் ஒரு பொய்யை அறிவுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

பொய் மிக எளியது. இறங்குகிறவர் கேட்கிறார்: "ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரமுங்க?" ஏறி வருகிறவர் சொல்கிறார்: "அவ்ளோதானுங்க, வந்தாச்சு." வந்திருக்காது. இந்தப் பொய் இல்லையென்றால் ஆகாய கங்கையில் குளிக்கப் பாதிக் கூட்டம்கூடப் போய்ச் சேராது என்பதே நம் கருதுகோள்.

2. ஆய்வுக்களம்

கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலை இது. மேலே ஓடும் ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம் ஆகாய கங்கை. பெயரில் ஆகாயம் இருந்தாலும் ஆள் போக வேண்டியது பாதாளத்துக்கு. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பழனியிலோ சென்னிமலையிலோ முதலில் மூச்சு வாங்கும், சாமி கும்பிட்டுத் திரும்பும்போது கால் தானாக இறங்கும். கொல்லிமலையில் எல்லாம் தலைகீழ். போகும்போது காடும் நிழலும் கைகோத்து இறக்கிவிடும். குளித்து, பசித்து, ஈரத்துணியோடு நிற்கும் நேரத்தில் ஏற்றம் தொடங்கும். ஃபைனான்ஸில் லாரி எடுத்துப் பழகிய நாமக்கல் மாவட்டத்துக்கு இது புரியாத ஏற்பாடல்ல: வண்டி முதலில், தவணை பிறகு. ஏற்காட்டுக் கிளியூர் அருவியிலும் இதே தவணைத் திட்டம்தான் நடைமுறையில் உள்ளது.

தரவு சேகரிக்க மிகச் சிறந்த காலம் ஆடிப் பதினெட்டு. கூட்டம் நெரியும், ஆகவே பொய்யும் பெருகும்.

3. முன்னோர் கருத்துகள்

மலைநடையின் நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு விதி வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உலகமெங்கும் மலையேறுபவர்கள் இன்றும் இதை நம்பி நடக்கிறார்கள். இடுப்பில் குழந்தை, கையில் புளிசாதத் தூக்கு, காலில் நேற்று வாங்கிய செருப்பு, தூக்கின் மேல் கண்ணாக ஒரு குரங்கு என்று இறங்கும் இராசிபுரத்துக் குடும்பம் ஒன்றையும் நைஸ்மித் பார்த்ததில்லை. ஆகவே அவர் விதி இங்கே செல்லாது.

நம் பக்கத்துச் சான்றுகள் இன்னும் வலுவானவை. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் சொல்கிறார். எண்ணிக்கையில் தாராளம் காட்டும் வழக்கம் இந்த மலைக்குச் சங்க காலத்திலிருந்தே உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்து, சங்கப் பாடல்களில் இடம்பெற்ற கொல்லிப்பாவை. வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பாள், மயங்கி அருகே போனால் உயிர் போய்விடும் என்பது மரபு. நனைந்த தலையோடு எதிரே வந்து, சிரித்த முகமாக "கிட்டத்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவளுடைய வழித்தோன்றல்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

4. வகைப்பாடு

சேகரித்த பொய்களை ஐந்து வகையில் அடக்கலாம்.

அ) திருப்பப் பொய்: "அந்தத் திருப்பம் தாண்டினா அருவிதான்." திருப்பம் தாண்டினால் இன்னொரு திருப்பம் இருக்கும்.

ஆ) பாதிப் பொய்: "பாதி வந்துட்டீங்க." நூறாவது படியிலும் இதையே சொல்வார்கள், எண்ணூறாவது படியிலும் இதையே சொல்வார்கள். மிச்சத் தூரத்தைப் பாதி பாதியாகக் கடந்தால் போய்ச் சேரவே முடியாது என்று வாதிட்ட கிரேக்கர் ஜீனோ, இங்கே இறங்கிப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இ) ஒலிப் பொய்: "சத்தம் கேக்குது பாருங்க." சத்தம் கேட்பது உண்மை. ஆனால் அருவியின் இரைச்சல் பள்ளத்தாக்குச் சுவர்களில் மோதி மேலேறி வருவது. காதுக்கும் காலுக்கும் இடையே நூற்றுக்கணக்கான படிகள் இருக்கலாம்.

ஈ) சைகைப் பொய்: பேச மூச்சில்லாதவர்களுக்கானது. வேட்டியை மடித்துக் கட்டி, ஈரத்துண்டைத் தலையில் போட்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்ற பெரியவர் ஒருவரிடம் நம் கேள்வியை வைத்தோம். நிமிரவில்லை, ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிடமா, ஒரு கிலோமீட்டரா, ஒரு நிமிடம் இருங்கள் என்றாரா என்பதில் ஆய்வுக் குழுவுக்குள் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை.

உ) பொய்யின்மை: இது ஒரே இடத்தில்தான் கிடைத்தது. படி தொடங்குமிடத்தில் மிளகாய்ப்பொடி தூவி அன்னாசித் துண்டு விற்கும் அம்மா சொன்னது: "நெறையப் படி கண்ணு, ஏறி வாரது லேசில்ல. ஒரு தட்டு சாப்பிட்டுத் தெம்பா போங்க." முழு உண்மை. ஆனால் காசுக்குச் சொன்ன உண்மை. இந்த மலையில் உண்மைக்கு விலை உண்டு, பொய்தான் இலவசம்.

5. திருச்செங்கோட்டுச் சிக்கல்

இங்கே ஒரு முரண்பாட்டை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இதே நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டில், அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சுமார் 1,200 படிகள். அதில் அறுபதாம் படி சத்தியத்துக்கு உரியது. கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால் அந்தப் படியில் நின்று சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அறுபதாம் படிச் சத்தியத்தை மீறிப் பேச யாருக்கும் துணிவு வராது. போதாக்குறைக்கு, நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளின் ஊர் அது. பூமிக்குள் போன ஆழத்தை அடிக்கணக்கில் பில் போடுகிறவர்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில் படிக்கணக்கு மட்டும் ஏன் வழுக்குகிறது?

விடை படியின் எண்ணிலேயே இருக்கிறது. அறுபதாம் படியில் நிற்பவருக்கு மூச்சு இருக்கிறது, வேட்டி காய்ந்திருக்கிறது, கால் நடுங்கவில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் உண்மை பேசலாம். ஆயிரமாவது படியில் பேசுகிறாரா என்பதல்லவா கேள்வி.

6. உடலியல் விளக்கம்

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. மூச்சு வாங்காததால் நமக்குச் சிரமம் தெரிவதில்லை. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அன்றைக்கு வராது, மறுநாளோ மூன்றாம் நாளோ வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது வரும். ஏறும்போது கதை வேறு. உடம்பைத் தூக்க வேண்டியிருப்பதால் இதயமும் நுரையீரலும் உடனடியாகக் கணக்குக் கேட்கின்றன. ஆகவே கேள்வி கேட்பவரிடம் மூச்சு நிறைய இருக்கிறது, பதில் சொல்பவரிடம் சுத்தமாக இல்லை.

"இன்னும் ஐந்நூறு படி இருக்குதுங்க, நடுவுல செங்குத்தா ஒரு இடம், ஈரமா இருக்கும், பார்த்துப் போங்க" என்று உண்மையைச் சொல்ல நாலு மூச்சு வேண்டும். "வந்தாச்சு" என்பதற்கு அரை மூச்சு போதும். சிக்கனம் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

7. மறுப்பும் விடையும்

மூச்சுச் சிக்கனம் மட்டும்தான் காரணமென்றால் "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பது ஒரு மறுப்பு. இன்னொரு மறுப்பு, இது வெறும் பழிவாங்கல் என்பது. விசாரித்தபோது ஏறி வந்தவர்கள் பலரும் "எங்களுக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்றே ஒப்புக்கொண்டார்கள். காலையில் ஏமாந்தவர் மதியத்துக்குள் ஏமாற்றுபவராகிவிடுகிறார்.

இரண்டையும் ஒரே சான்று தகர்க்கிறது. தண்ணீர் வற்றிய கோடையில் அருவி நூலாக ஒழுகும். குளிக்காமல் ஏறி வருகிறவரிடம் அப்போது கேட்டுப் பாருங்கள். நின்று, நிதானமாக, இருக்கிற நாலு மூச்சையும் செலவழித்துச் சொல்வார்: "போகாதீங்க. ரெண்டாயிரம் படி இருக்கும். கீழ ஒண்ணுமில்ல." பழிவாங்குகிறவராக இருந்தால் அன்றைக்கல்லவா "வந்தாச்சு" என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்?

ஆக, ஐயாறு தலையில் விழுந்து, குளிரில் பல் கிட்டி, தோள் சிவந்து திரும்பியவர் மட்டுமே பொய் சொல்கிறார். சரக்கின் அருமையும் அவருக்குத் தெரியும், விலையும் தெரியும். விலையைச் சொன்னால் இவர்கள் இப்படியே திரும்பிவிடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே விலையை மறைத்துச் சரக்கைக் காட்டுகிறார். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருப்பது இப்படிக்கட்டை மனத்தில் வைத்துத்தான் என்று நாம் துணிகிறோம்.

8. பரிந்துரைகள்

ஒன்று: வளைவுகளுக்கு எண் போட்டது போதும். எக்காரணம் கொண்டும் படிகளுக்கு எண் எழுதக் கூடாது.

இரண்டு: வனத்துறை 2024இல் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 மலைப்பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக 'எதிரே வருபவர் சொல்வது' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில் வரும் என்பதால் செலவு குறைவு.

மூன்று: அன்னாசி விற்கும் அம்மாவின் கூற்றைச் சாட்சியமாக ஏற்கலாம், அன்னாசியையும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நான்கு: துல்லியமான உண்மைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் திருச்செங்கோட்டுக்குப் போகட்டும். அங்கேயும் அறுபது படியோடு திரும்பிவிடுவது உத்தமம்.