கோழி சார்

சென்னைக்குத் தெற்கே, வண்டலூரையும் தாண்டி, வயலெல்லாம் மனையாகிப்போன நகர்களில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களைக் காக்க வைத்தே காலம் தள்ளியவர். சொந்த வீடு, இரண்டு தென்னை, ஒரு கொய்யா, கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை. நாய் கிடையாது. “நாய்க்கு மாசாமாசம் செலவு, பலகைக்கு ஒரே தடவைதான்” என்பார்.

இவர் வீட்டு மதில்மேல்தான் ஒரு நாள் அந்தக் கோழி வந்து உட்காரும்.

அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரு கூடித் தீர்மானிக்கும். ஆடி மாதமென்றால் அம்மனுக்கு நேர்ந்து விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால், யாரோ ஸ்கூட்டரில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோகும்போது கட்டை உதறிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுப் பாட்டி இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டார். “யாரோ சுத்திக் கழிச்சுவிட்ட கோழி சார் அது. உள்ள சேக்காதீங்க. அந்த வீட்டுப் பீடை மொத்தமும் கூடவே வரும்.” சார் அசரமாட்டார். “பென்ஷன்காரனைப் பிடிச்சு எந்தப் பீடைக்கு என்ன லாபம்?”

கோழியைப் பிடிக்க அவர் முதலில் கையாளுவது அலுவலக முறை. “ஏய், இங்க வா.” கோழி வராது. இரண்டாவது முறை, மனைவியின் பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு துரத்துவது. கோழி கொய்யாவிலிருந்து சன்ஷேடுக்கும், சன்ஷேடிலிருந்து பக்கத்து வீட்டு மோட்டார் ரூமுக்கும் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடும். முட்டிவலிக்காக டாக்டர் நடக்கவே யோசித்து நடக்கச் சொன்ன மனிதர் இப்படி ஓடுவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் டியூஷனைக் கூடத் தவறவிடுவார்கள்.

கடைசியில் வழி சொல்வது, பாத்திரம் தேய்க்க வரும் மதுராந்தகத்து அம்மாதான். “தொரத்துனா வராது சார். கீழ உக்காருங்க. தீனியைப் போட்டுட்டு வேற பக்கம் பாருங்க. அதையே மொறைச்சுப் பாக்காதீங்க.”

அந்த அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. கோழிக்குக் கண் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. நேருக்கு நேராக இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்க்கிற பிராணி என்றால் பருந்தோ பூனையோதான் என்பது அதன் ஜாதி அனுபவம். சாருக்கோ, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக உற்றுப் பார்ப்பது ஒன்றுதான் வாழ்நாள் சம்பாத்தியம். அந்தப் பார்வைக்குக் கிளார்க்குகள் கை நடுங்கிப் பேனாவைக் கீழே போட்டிருக்கிறார்கள். இப்போது அதை உறையில் போட்டுவிட்டு, பின்கட்டில் சம்மணமிட்டு, தென்னை மட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு பிடி அரிசிக் குருணை. கோழி தூர நின்று இடது கண்ணால் பார்க்கும். பிறகு திரும்பி வலது கண்ணால் பார்க்கும். மனு பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம்.

குருணை கம்பாகும், கம்பு கறையானாகும். கறையான் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்துக் கறையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். கோழிக்கு அது கல்யாணச் சாப்பாடு. தேக்கு நிலைவாசலுக்குக் கறையான் மருந்தடிக்க ஆயிரக்கணக்கில் அழுத மனிதர், அதே வீட்டுப் பின்கட்டில் கறையானுக்குப் பானை வைத்து, ‘ஏறியிருக்கா’ என்று விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. நிலைவாசலை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

பொழுது சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாது. கொய்யாக் கிளையில் ஒடுங்கிவிடும். அப்போது சத்தமில்லாமல் இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்தெடுத்துப் பஞ்சாரத்தில் விட வேண்டும். மூங்கில் பஞ்சாரம் வாங்க அவர் செங்கல்பட்டு வரை போய்வருவார். பஞ்சாரத்துக்கு மேல் அம்மிக்கல். காலிமனைப் புதரில் கீரிப்பிள்ளை இருக்கிறதே! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கல் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பெற்ற பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது இவர் ராத்திரியில் எழுந்ததாக அந்த வீட்டு வரலாற்றில் இல்லை.

இதற்குள் ஆள் நிபுணராகிவிடுவார். காலை நடைக்கு வருகிறவர்களை நிறுத்தி, “இது சிறுவிடை சார், பெருவிடையில்ல” என்று தொடங்குவார். “வெள்ளைக் கழிச்சல்னு சொல்றோமே, அதுதான் ராணிக்கெட். இமயமலையடியில அப்படி ஒரு ஊரே இருக்கு.” அரசு கால்நடை மருந்தகத்தில் பசுக்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே காய்கறிக் கூடையோடு வரிசையில் நின்று, கோழிக்கு இறக்கைக்கடியில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருவார். அங்கே பதிவேடு எழுதுபவர் “பேரு?” என்று கேட்டால், “என் பேரா, அதும் பேரா?” என்று பவ்யமாகக் கேட்பார். வரிசையில் நின்று அவர் பவ்யமாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஒரு கட்டத்தில் கோழி அவர் செருப்பின்மேல் ஏறி நிற்கும். குனிந்து கை நீட்டினால் ஓடாமல் பதுங்கி உட்காரும். மனைவியின் ரோஜாப் பாத்தியில் குழி பறித்து மண் குளிக்கும்.

“என்னங்க, உங்க கோழி வேரோட கிளறிப் போட்டிருக்கு.”

“கிளறினா வேருக்குக் காத்து போகும்.”

ரோஜா போனது போனதுதான். அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. ஆனால் அந்த வீட்டில் என் கட்சிக்கு ஓட்டுக் கிடையாது.

முட்டை ஸ்டோர் ரூமில், பழைய டைரிகள் அடுக்கிய அட்டைப்பெட்டியில் விழும். நாமக்கல் கொள்முதல் விலையைப் பேப்பரில் பார்த்துவைத்துக்கொண்டு கடைக்காரரிடம் ஐந்து பைசாவுக்கு வாதாடியவர், இந்த ஒரு முட்டைக்கு ஆன செலவை எங்கும் எழுதவில்லை. நேரத்தை மட்டும் எழுதிவைக்கிறார். முதல் நாள் 9.10, மறுநாள் 10.15, அதற்கு அடுத்த நாள் 11.20. பத்து நிமிடத் தாமதத்துக்குச் சிவப்பு மை வைத்தவர் இப்போது எதிர்த்தரப்பு வக்கீலாகி வாதாடுகிறார்: “ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகுதுங்க. அது பாவம் என்ன பண்ணும்?”

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ பிராய்லர் வாங்குவது நின்றுவிட்டதா என்று கேட்கக்கூடாது. “அது வேற, இது வேற.” கறிப்பையோடு பின்கட்டுப் பக்கம் வராமல் முன்வாசலில் நுழைகிற நாகரிகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் நகருக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊரிலிருந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார்.

“சார், எங்க வூட்டுக் கோழி ஒண்ணு இந்தாண்ட வந்துச்சாமே?”

“அடையாளம் சொல்லுங்க.” பழைய குரல் திரும்பியிருக்கும்.

“வலது கால்ல நடு நகத்த நறுக்கி வுட்டிருக்கும் சார். எங்க வூட்டுக் கோழி எல்லாத்துக்கும் அப்படித்தான்.”

தூக்கிப் பார்த்தால், நறுக்கித்தான் இருக்கிறது. வந்தவர் “பா... பா... பா...” என்று கூப்பிடுகிறார். கோழி அவரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, சாரின் நாற்காலிக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்போது சாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பதவி உயர்வு ஆர்டர் கைக்கு வந்த அன்றுகூட அவர் அப்படிப் பூரித்திருக்க மாட்டார். வந்தவரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, சொல்ல நினைத்த விலைக்கு மேல் இன்னும் இருநூறு சேர்த்துச் சொல்கிறார். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிறவர் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறார்.

அடுத்த வாரமே மதில்மேல் இன்னும் இரண்டு கோழிகள் ‘வழிதப்பி’ வந்து உட்கார்ந்திருக்கின்றன. எதிர்வீட்டுப் பாட்டி மறுபடி பீடையைப் பற்றி எச்சரிக்கிறார். சார் காதில் வாங்காமல், குருணையோடு தரையில் சம்மணமிட்டு, தென்னை மட்டையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டுக்கும் வலது காலில் நடு நகம் நறுக்கியிருக்கிறது.