பாமுக்கு வந்த தண்ணி

போன வாரம் மதுரையில் ஓர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், சங்கத்திடமிருந்து அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. முதல் செய்தி: போரில் தண்ணீர் இறங்கிவிட்டதால் காலை ஏழிலிருந்து எட்டுவரைதான் குழாய் வரும், குடியிருப்போர் ஒத்துழைக்கவும். இரண்டாவது செய்தி: கேட்டின் இரு பக்கமும் நிற்கும் பாம் மரங்கள் வாடுவதால், கோடை முடியும்வரை அவற்றுக்கென்று தனியாக லாரி தண்ணீர் வாங்கப்படும், செலவு மெயின்டனன்ஸில் சேரும். இரண்டுக்கும் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்திருந்தன.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் இந்தக் கட்டுரையாளர். மறுநாள் காலை அவர் தலையில் ஷாம்பு நுரைத்துக்கொண்டிருந்தபோது மணி எட்டாகிவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தால், கீழே தோட்டக்காரர் ராயல் பாமை ஹோஸ் பிடித்துக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். வேருக்கு விடவில்லை; உடம்புக்கு. தூசி படிந்தால் அடிமரத்தின் வெளுப்பு எடுப்பாகத் தெரியாதாம்.

“அண்ணே, ஒரு வாளி பிடிச்சுக்கலாமா?”

“இது பாமுக்கு வந்த தண்ணி சார். செக்ரட்டரி சத்தம் போடுவாரு.”

அந்த எரிச்சல் தணிவதற்குள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கட்டுரையாளர் எழுத உட்கார்ந்தார். அதற்கு முன்னால் சில தகவல்கள்.

ராயல் பாம் கியூபாவின் தேசிய மரம். அமெரிக்காவில் அது இயல்பாகக் கூட்டமாக நிற்கும் பெரிய இடம், ஃபுளோரிடாவின் ஃபகாஹாச்சி சதுப்புக் காடு. வாசலில் நிற்பது இப்படிச் சேற்றில் கால் வைத்து வளர்ந்த வம்சம். மாடிகளில் தொட்டிக்குத் தொட்டி நிற்கும் அரிக்கா பாமுக்கோ சொந்த ஊர் மடகாஸ்கரின் கிழக்குக் கரை. அந்தக் கரையிலுள்ள தோமாசினா துறைமுகத்தில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். மதுரையில் பெய்வது ஏறத்தாழ 850. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது லாரி.

நர்சரிக்காரர்கள் இந்தக் கழித்தலைப் போடுவதில்லை. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு வரும் அலங்கார பாம்களில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து வருகின்றன. கோதாவரிப் பாசனத்தில் கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளைகள். லாரியில் படுத்துக்கொண்டு வந்து மதுரையில் இறங்கியதும் முதல் மட்டை பழுக்கிறது. “செட் ஆகுற வரைக்கும் அப்படித்தேன் இருக்கும்” என்று விற்றவர் சொல்கிறார். எப்போது செட் ஆகும் என்று அவரும் சொன்னதில்லை, வாங்கியவரும் கேட்டதில்லை.

பாட்டில் பாமின் கதை இன்னும் விசேஷம். மொரீசியஸை அடுத்த ரவுண்ட் தீவு என்ற சின்னத் தீவு அதன் தாயகம். அங்கே இயற்கையாக நின்ற மரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயின. மதுரையிலோ எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் இரண்டு நிற்கும். பிறந்த மண்ணில் பிழைக்க வழியில்லாத ஜீவனை வாழவைத்த பெருமையை மண்டபக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம்தான். தண்ணீர்ச் செலவை வாடகையில் சேர்த்திருக்கிறார்களே என்பதுதான் உறுத்துகிறது.

இத்தனையும் எந்த ஊரில் நடக்கிறது? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க வேண்டுமென்றால், வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டிய ஊரில். அழகருக்கே ஆண்டுக்கு ஒரு தடவைதான். பாமுக்குத் தினம் இரண்டு வேளை. அணை நீர் ஆவியாகாமல் இருக்க 2017 ஏப்ரலில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், அவை காற்றில் கரை ஒதுங்கியதும் நாடறிந்த கதை. அதற்குச் சிரித்த வீடுகளில்தான், வேரிலிருந்து நீரை உறிஞ்சி இலை வழியே வானத்துக்கு அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட செடி வரவேற்பறையில் நிற்கிறது. ஆளுயர அரிக்கா ஒன்று நாளைக்கு ஒரு லிட்டர் நீரைக் காற்றில் விடும் என்கிறார்கள். இதை அதன் சிறப்பம்சமாகச் சொல்கிறார்கள்.

கட்டுரையாளரின் பால்கனியிலும் நான்கு அரிக்கா தொட்டிகள் உண்டு. ‘நாசா சொன்னது’ என்று வந்த ஃபார்வர்டுதான் காரணம். நாசா 1989இல் ஆராய்ந்தது மூடிய சிறு பெட்டிகளுக்குள் வைத்த செடிகளை. அந்தப் பட்டியலில் அரிக்கா கிடையாது. இருந்தது பேம்பு பாம். அந்த ஆய்வைச் செய்த வுல்வர்ட்டன் பின்னாளில் எழுதிய புத்தகத்தில்தான் அரிக்காவுக்கு முதலிடம் கிடைத்தது. 2009இல் டெல்லியைச் சேர்ந்த கமல் மீட்டில் ஒரு டெட் உரையில், ஆளுக்கு நான்கு தோளுயர அரிக்கா வேண்டும், டெல்லியில் இலைகளை நாள்தோறும் துடைக்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை இந்த நாட்டில் இலை துடைக்கும் வேலை யாருக்கும் இருந்ததில்லை.

2019இல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஜன்னல், கதவு வழியே சாதாரணமாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் தேவைப்படும். பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தது 93 தொட்டி. கட்டிலைத் தூக்கி லிஃப்ட் பக்கம் போட்டுவிட வேண்டியதுதான். இந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

சரி, நுனிக்கு வருவோம். அரிக்கா வளர்க்கிறவர்கள் உண்மையில் வளர்ப்பது நுனியைத்தான். பச்சை மட்டை, அதில் வரிசையாகச் சிற்றிலைகள், ஒவ்வொன்றின் முனையிலும் பழுப்பாக அரை அங்குலம். இதை விட்டுவைத்தால் வருகிறவர்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோல் வெளியே வருகிறது. நேராக வெட்டினால் வெட்டியது தெரியும். எனவே இரண்டு பக்கமும் சாய்த்து, கூர்மையாக, கடவுளே வடித்ததாகத் தோன்றும்படி வெட்ட வேண்டும். தொட்டிச் செடியின் மட்டைக்கு முப்பது ஜோடி இலை என்று குறைத்தே வைத்தாலும் 60 நுனி. தொட்டிக்கு இருபது மட்டை, 1200 நுனி. நான்கு தொட்டிக்கு 4800. தையல் கத்தரிக்கோலைத் தொட்டால் வீட்டில் சண்டை. பள்ளிக்கூடக் கத்தரிக்கோலில் வெட்டினால் இலை நசுங்கும். நகவெட்டியால் முயன்றவர்களும் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். 4800ஐயும் முடித்து நிமிர்ந்தால், முதலில் வெட்டிய இலையில் வெட்டிய இடத்திலிருந்தே புதிதாகப் பழுப்பு ஆரம்பித்திருக்கும். பச்சையில் கத்தரி பட்டால் அங்கே கருகாமல் என்ன செய்யும்?

இதற்குள் கட்டடம் முழுக்க வைத்தியர்கள் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் மாடி அக்கா வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர் என்பார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் எப்சம் சால்ட் என்பார், டேபிள்ஸ்பூன் அளவோடு. கடுகுப் புண்ணாக்கு என்று ஒருவர், புளித்த மோர் என்று ஒருவர், வடிகட்டிய டீத்தூள் என்று இன்னொருவர். அதைச் சர்க்கரையோடு கொட்டி எறும்புக்கு வழி காட்டியவர் மற்றொருவர். எல்லாருக்கும் மேலே, தண்ணீரை வீணாக்காத புண்ணியவான்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் சிந்தாமல் வாளியில் பிடித்து, பெருமையோடு தொட்டியில் ஊற்றுவார்கள். ஏற்கெனவே போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பில் பெரும்பங்கைத் தனியே பிரித்து வாளிக்குள் தள்ளுவதற்குத்தான் அந்த மெஷினையே வாங்கியிருக்கிறோம். இலையிலிருந்து நீர் ஆவியாகப் போய்விடுகிறது, உப்பு நுனியில் உட்கார்ந்துவிடுகிறது, நுனி கருகுகிறது. மறுபடி கத்தரிக்கோல். கருகிய மட்டையை அடியோடு வெட்டினால்தான் தீருமா என்றால், அதுவும் வினை. பாம் வகைகளுக்குப் பொட்டாசியம் போதாதபோது, கிழ மட்டைகளிலிருந்து அதை உருவிக் குருத்துக்குக் கொடுத்துத்தான் காலம் தள்ளுகின்றன. கிழ மட்டையை வெட்டிவிட்டால் அடுத்த மட்டை கிழமாகிறது. கருகலுக்கு முறையான வைத்தியம் என்ன என்று புத்தகத்தைப் பார்த்தால், தொட்டி மண்ணிலுள்ள உப்பு கரைந்து அடித்துளை வழியே வெளியேறும்வரை நல்ல தண்ணீரை ஏராளமாக ஊற்றவும் என்று போட்டிருக்கிறது. நல்ல தண்ணீர். ஏராளமாக.

ராயல் பாமுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அது காய்ந்த மட்டையைத் தானே கழற்றிப் போட்டுவிடும். மூன்று, நான்கு மீட்டர் நீள மட்டை. போன ஆடிக் காற்றில் ஒன்று கழன்று, நிழலுக்காக அதன் அடியில் நிறுத்தியிருந்த காரின் மேல் இறங்கியது. அந்த மரத்தடியில் நிழல் தேடியவரின் நம்பிக்கையைத்தான் பாராட்ட வேண்டும். மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கிற மரம் அது. யாருக்கும் குடை பிடிக்காது.

பனை வைக்கலாமே என்று சங்கக் கூட்டத்தில் கட்டுரையாளர் சொல்லிப் பார்த்தார். இதே பாம் குடும்பம்தான். 1978இலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். லாரியை எதிர்பார்க்காமல் தேரிக்காட்டு மணலிலேயே நிற்கிறது. வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இன் வேளாண் பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. கடைசியாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. “அப்போ, வச்சா எடுக்க முடியாதா?” என்றார் பொருளாளர். பனம்பழம் கார் மேல் விழும் என்றார் ஒருவர். மட்டை விழுந்த அதே காரின் சொந்தக்காரர். காய்க்கவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகுமே என்றதற்கு, அதற்குள் காரை மாற்றிவிடுவேன், புதுக் கார் மேல் விழும் என்றார். பனையில் பேய் இருக்கும் என்று யாரோ பின்வரிசையில் முனகியதைச் செயலாளர் குறித்துக்கொண்டார்.

தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. லாரி தண்ணீர் வாரத்துக்கு இரண்டு. லிஃப்ட் ஓரத்துக்கு அரிக்கா தொட்டி நான்கு. நுனி வெட்ட நல்ல கத்தரிக்கோல் ஒன்று, சங்கச் செலவில். கட்டுரையாளர் முதலிலேயே சொல்ல நினைத்த அந்த முக்கியமான விஷயம், நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதற்கு வருவதற்குள் வடையும் டீயும் வந்துவிட்டன; கை கழுவப் போனவர்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்த ஆரம்பித்தார்கள்.