பொருநைக்கரைப் பெருந்தன்மை

கொடை என்றால் பாரியைச் சொல்கிறார்கள். அவன் கொடுத்தது ஒரு தேர். பொருநை என்கிற தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஆதிச்சநல்லூர் தன் பாட்டன் பூட்டனையே கொடுத்த ஊர். 1876-ல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து, ஊரார் பறம்பு என்று சொல்லும் 114 ஏக்கர் மேட்டைத் தோண்டினார். பானை, இரும்பு வாள், எலும்பு, மண்டையோடு என்று அகப்பட்டதையெல்லாம் கட்டிக் கப்பலேற்றினார். வாரிக்கொண்டு போகிறவரிடம் ரசீது கேட்பது நம் பக்கத்து வழக்கமில்லை.

பிறகு வந்த அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். ஆயிரக்கணக்கான பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இறந்தவர் நெற்றியில் கட்டியிருந்த பொன்பட்டமும் கூடவே போயிற்று. அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி. பாட்டி நகையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தால் ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்கிவிடலாம்.

கொடையைவிட நான் வியப்பது பொறுமையை. அடுத்த பெரிய அகழாய்வுக்கு நூறு வருஷம் காத்திருந்தோம். 2004, 2005-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது 160-க்கு மேல் தாழிகள் வெளியே வந்தன. பதறிய காரியம் சிதறும் என்பதைத் துறை அறியும். முழு அறிக்கைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. தோண்டிய வருஷம் பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சையே எழுதியிருக்கும். காலக் கணிப்பு விஷயத்திலும் அதே நிதானம்தான். உயர் நீதிமன்றம் கையைப் பிடித்து இழுக்காத குறை. கி.மு. 905, கி.மு. 696 என்று மதுரைக் கிளையில் சொன்னது 2019-ல். மண்ணுக்குள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் கிடந்தவர்களுக்கு ஈடாகப் பொறுமை காட்ட ஓர் அலுவலகம் இருக்கிறதே, அதுவே பெருமை இல்லையா?

பக்கத்துச் சிவகளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாநிலத் துறைக்காரர்கள் 2020-ல் தோண்டினார்கள். தாழிக்குள் கிடந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். நெல் இன்னும் கொஞ்சம் பழசாகட்டும் என்று விடத் தெரியாத அவசரக்காரர்கள்!

கொற்கையைச் சொல்ல மறந்துவிட்டேன். எல்லோரும் மறந்த ஊர் என்பதால் குற்றமில்லை. பாண்டியரின் முத்துத்துறை அது. கடலே சில மைல் விலகிப் போய்விட்டது.

ஆற்றுக்கும் நாம் குறை வைக்கவில்லை. மலையிலிருந்து மணலைச் சுமந்து வரும் பொருநையின் இடுப்பு வலிக்குமே என்று, அந்தப் பாரத்தை ராவும் பகலும் லாரியில் இறக்கி வைத்த புண்ணியவான்கள் உண்டு. இந்தத் தருமத்துக்கும் ஒருவர் குறுக்கே விழுந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு 2010-ல் தானே நீதிமன்றத்தில் நின்று வாதாடி, மணல் அள்ள ஐந்து வருஷம் தடை வாங்கிவிட்டார். சொந்த ஊர்க்காரரே இப்படிச் செய்தால் லாரிக்காரர்கள் யாரிடம் போய் அழுவார்கள்?

ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். வெள்ளைக்காரன் தண்ணீர் தேக்க மட்டும் கட்டினான், சின்னப் புத்தி. நாம் அதில் வண்டலையும் அமலைச் செடியையும் சேர்த்துத் தேக்கினோம். திருநெல்வேலி மாநகரமும் தன் வீட்டுச் சாக்கடையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆற்றில் கலந்து கீழூர்களுக்குப் பங்கு அனுப்புகிறது. உண்பதைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் எத்தனையோ. உண்டு முடித்த பிறகும் பகிர்ந்துகொள்ளும் மனசு யாருக்கு வரும்?

இப்போது ஆதிச்சநல்லூருக்கும் காலம் வந்துவிட்டது. 2020 மத்திய பட்ஜெட்டில் பெயர் வந்தது, 2023 ஆகஸ்டில் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல்லும் விழுந்தது. தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். முன்னோர் தலைக்கு மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. நான் போயிருந்த அன்று ஒரு சிறுவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டான்: "எப்பா, பானைக்குள்ள இருந்த தாத்தால்லாம் எங்கப்பா?"

"பாதிப் பேரு பெர்லின்ல இருக்காவல. மீதிப் பேரு மெட்ராஸ்ல. வா, பஸ் வந்துரும்."